இரண்டாவது கேபிள் எதற்கு?

ஓர் அலுவலகத்தின் கணினிகளையெல்லாம் ஒன்றோடொன்று பேசவைக்கும் பெட்டி, சுவிட்ச். கணினிகள் பெருகினால் ஒரு பெட்டி போதாது. இரண்டு மூன்றை அடுக்கி, அவற்றுக்கென்றே உள்ள கேபிளால் கோத்து, ஒரே சுவிட்ச் போல இயங்க வைக்கிறார்கள். இதற்கு ஸ்டாக் என்று பெயர். கீழ்மாடி ஸ்டாக்கிலிருந்து மேல்மாடி ஸ்டாக்குக்கு ஒன்றுக்கு இரண்டாகக் கேபிள் போட்டால் வேகம் இரட்டிப்பாகும் என்று பலர் நம்புகிறார்கள். இரண்டாவது கேபிள் அவசியம்தான். ஆனால் அதன் முதல் பயன் வேலை நிற்காமல் காப்பது, வேகமெல்லாம் அதற்குப் பிறகுதான் என்பேன்.

எந்த ஏற்பாடும் இல்லாமல் இரண்டையும் செருகினால் ஆபத்து. இந்தச் சுவிட்சுகள் பயன்படுத்தும் ஈதர்நெட் முறையில் போகும் தகவல் துண்டுக்கு ஆயுள் வரம்பு கிடையாது. எல்லாக் கணினிகளுக்குமான ஓர் அறிவிப்பு ஒரு கேபிளில் போய் மறு கேபிளில் திரும்பி, ஓயாமல் சுற்றும். அடுத்தடுத்து வருபவையும் சேர்ந்துகொள்ள, நெட்வொர்க் முடங்கிவிடும். இதைத் தடுக்க 1985-இல் ரேடியா பெர்ல்மன் உருவாக்கிய ஸ்பானிங் ட்ரீ முறை, ஒரு கேபிளை அடைத்து வைக்கிறது. ஆபத்து நீங்குகிறது, ஆனால் காசு கொடுத்துப் போட்ட கேபிள் சும்மா கிடக்கிறது. 2000-இல் வந்த 802.3ஏடி தரநிலை இதற்கு வழி சொன்னது: இரண்டு கேபிளையும் ஒரே இணைப்பாகக் கட்டிவிடலாம். இரு முனைச் சுவிட்சுகளும் எல்ஏசிபி என்ற நெறிமுறையில் பேசி ஒத்துப்போனால் இரண்டும் வேலை செய்யும்.

அப்படியானால் வேகம் இரட்டிப்பாகாதா? மொத்தக் கொள்ளளவு கூடும். ஆனால் ஒருவர் பெரிய கோப்பு ஒன்றை சர்வருக்கு அனுப்பினால், அதன் துண்டுகள் வரிசை மாறக் கூடாது என்பதால், முகவரிகளை வைத்துக் கணக்கிட்டு அத்தனையையும் ஒரே கேபிளில்தான் சுவிட்ச் அனுப்பும். ஒரு ஜிகாபிட் கேபிள் இரண்டு இருந்தாலும் அவருக்குக் கிடைப்பது அதிகபட்சம் ஒரு ஜிகாபிட்தான். பத்து ஜிகாபிட் கேபிள் ஒன்றே போதுமே என்று கேட்கலாம். வேகத்துக்குப் போதும், அது அறுந்தால் மாடி முழுவதும் நின்றுபோகும். வேலை நிற்காமல் காப்பதே நோக்கம் என்பதால், இரண்டு கேபிளையும் ஒரே பெட்டியில் செருகுவது பாதி வேலைதான். முதல் பெட்டியின் 24-ஆம் போர்ட்டில் ஒன்று, இரண்டாம் பெட்டியின் 24-ஆம் போர்ட்டில் ஒன்று என்று பிரித்துச் செருகினால், ஒரு பெட்டிக்கு மின்சாரம் நின்றுபோனாலும் மற்றது தாங்கும். ஸ்டாக் முழுவதையும் இயக்கும் மென்பொருளே பழுதானால் என்ன செய்வது என்ற கேள்வியும் நியாயமானது. மருத்துவமனை போன்ற இடங்களில் தனித்தனியே இயங்கும் இரு சுவிட்சுகளை வைப்பதே சரி. சாதாரண அலுவலகத்துக்கு ஸ்டாக் போதும்.

இரு முனையிலும் எல்ஏசிபி அமைப்பை எழுதிய பிறகே கேபிளைச் செருகும்படி நெட்வொர்க்கை அமைப்பவரிடம் சொல்லுங்கள். பிறகு ஒரு விடுமுறை நாளில், ஒரு கேபிளைக் கழற்றிப் பாருங்கள். வேலை நிற்காவிட்டால்தான் அந்த இரண்டாவது கேபிளுக்குக் கொடுத்த காசுக்கு அர்த்தம்.