சொன்ன நாளும் சொல்லாத நாளும்



தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்துச் சிறுவர் விளையாடும் வீடியோ விளையாட்டுப் பொறியை நீங்கள் கண்டிருப்பீர்கள். விளையாட்டுக்குரிய பொருளே எனினும், அதனை ஆக்கி விற்போர்க்கு அது விளையாட்டன்று. அவ்வாணிகத்தில் ஒரே நாளில் நிகழ்ந்த இரண்டு அறிவிப்புகளைப் பற்றியும், வணிகருக்கு மட்டுமன்றி நம்மெல்லோருக்கும் அவை உணர்த்தும் பாடத்தைப் பற்றியும் இன்று சிறிது பேச எண்ணுகிறேன்.

அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து மாநாட்டு மண்டபத்தில், 1995ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் திகதி ஒரு பெரும் பொருட்காட்சி தொடங்கியது. பின்னாளில் ஈ-திரீ என்னும் பெயரால் உலகப் புகழ்பெற்ற அக்காட்சிக்கு அதுவே முதலாண்டு. யப்பானைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்கள் அங்கே எதிரெதிராக நின்றன. ஒன்று சேகா, அமெரிக்கச் சந்தையில் ஏற்கெனவே வேரூன்றிய நிறுவனம். மற்றொன்று சோனி, வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளால் பெயர்பெற்றதாயினும் இத்துறைக்குப் புதிது.

சோனி இத்துறையிற் புகுந்த வரலாறு சுவையானது. 1991ஆம் ஆண்டு யூன் மாதம் சிக்காகோ நகரப் பொருட்காட்சியொன்றில், நிண்டெண்டோ நிறுவனத்துடன் கூடி ஒரு பொறியை ஆக்கவிருப்பதாகச் சோனி அறிவித்தது. மறுநாளே நிண்டெண்டோ, தான் பிலிப்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்வதாக அதே காட்சியில் அறிவித்துவிட்டது. இறுவட்டு விளையாட்டுகளின் உரிமை சோனியின் கைக்குப் போய்விடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். பலர் முன்னிலையில் நாணமுற்ற சோனி, பின்னர்த் தனித்தே ஒரு பொறியை ஆக்க முற்பட்டது. அதுவே பிளேஸ்டேஷன். கைவிடப்பட்ட நண்பன் வலிய பகைவனாக வந்து நின்றான்.

சேகாவின் புதிய பொறிக்குச் சாட்டர்ன் என்று பெயர். சனிக்கோளின் பெயர் அது. பெயருக்கு ஏற்ப, 1995 செத்தெம்பர் 2ஆம் திகதி சனிக்கிழமையன்று அமெரிக்காவில் அது விற்பனைக்கு வரும் என முன்னரே விளம்பரப்படுத்தியிருந்தனர். கடைக்காரர் அந்நாளை நம்பியிருந்தனர். பொறிக்கு விளையாட்டுகளை எழுதும் பிற நிறுவனத்தாரும் அந்நாளை மனத்திற்கொண்டே வேலை செய்துகொண்டிருந்தனர்.

காட்சியின் முதல்நாளன்று சேகாவின் அமெரிக்கத் தலைவர் ரொம் கலின்ஸ்கி மேடையேறினார். சாட்டர்ன் செத்தெம்பரில் அன்று, இன்றே கடைகளில் கிடைக்கும் என்றார். விலை 399 டொலர் என்றார். தெரிந்தெடுத்த சில பெரிய வணிக நிலையங்களுக்கு ஏறக்குறைய 30,000 பொறிகள் இரகசியமாக அனுப்பப்பட்டிருந்தன. சோனியை முந்திவிட்டோம் என்று சேகா எண்ணியது.

சோனியின் முறை வந்தது. ஸ்டீவ் றேஸ் என்பவர் மேடைக்கு அழைக்கப்பட்டார். 299 என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார். கரவொலி எழுந்தது. நூறு டொலர் குறைவு என்பதை விளக்க வேறு சொல் வேண்டியிருக்கவில்லை. பிளேஸ்டேஷன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது அவ்வாண்டு செத்தெம்பர் 9ஆம் திகதியிலேதான்.

நான்கு மாதம் முந்தியவர் வெல்லவில்லை. ஏன்? விலை ஒரு காரணம். சாட்டர்னின் உள்ளமைப்புச் சிக்கலானது, அதற்கு விளையாட்டு எழுதுவது கடினமாயிருந்தது என்பது மற்றொரு காரணம். எனினும் அவசரத்தால் விளைந்த கேடும் சிறிதன்று. பொறி கிடைக்காத கடைக்காரர் சினங்கொண்டனர், அவர்களுள் கே.பி. ரோய்ஸ் என்னும் பெருங்கடை சாட்டர்னை விற்கவே மறுத்துவிட்டது. செத்தெம்பரை எண்ணி உழைத்தோரின் விளையாட்டுகள் ஆயத்தமாகவில்லை. ஆதலால் பொறியை வாங்கியோர் சில விளையாட்டுகளுடனேயே பல மாதம் காத்திருக்க நேர்ந்தது.

பாடசாலையில் செத்தெம்பர் மாதத்துக்கென அறிவித்த பரீட்சையை மே மாதத்திலேயே திடீரென நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ஆசிரியர் முந்திவிட்டார் என்று யாரேனும் பாராட்டுவரோ? ஆயத்தமாக இருந்தவர் அவர் ஒருவரே. நாள் குறித்துச் சொல்வது மற்றவர் தம் வேலையை ஒழுங்குசெய்துகொள்வதற்காகவே. அந்நாளைப் பிற்போடுவது மட்டுமே வாக்குத் தவறுதல் என எண்ணுகிறோம். சொல்லாமல் முற்போடுவதும் வாக்குத் தவறுதலே.

கலின்ஸ்கியை மட்டும் குறைகூறுதல் நீதியாகாது. யப்பானியத் தலைமையகத்தின் வற்புறுத்தலே அம்முடிவுக்குக் காரணம் என்று அவர் பின்னர்க் கூறியிருக்கிறார். மேடையில் நின்று அறிவிப்பவர் எப்பொழுதும் முடிவெடுத்தவராக இருப்பதில்லை.

பிளேஸ்டேஷன் உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேல் விற்பனையாயிற்று; சாட்டர்ன் ஒரு கோடியையும் எட்டவில்லை. 2001ஆம் ஆண்டில் சேகா பொறி ஆக்கும் தொழிலையே கைவிட்டது. இன்று அது மற்றவர் பொறிகளுக்கு, சோனியின் பொறிக்குங்கூட, விளையாட்டுகளை ஆக்கி வருகிறது. அவ்வறிவிப்புகளுக்கு இடமளித்த பொருட்காட்சியும் இனி நடைபெறாதென 2023ஆம் ஆண்டு டிசெம்பரில் அறிவிக்கப்பட்டது.

காட்சி மறைந்தாலும் பாடம் மறையவில்லை. பிறரைத் திகைக்க வைத்தல் எளிது. பிறர் நம்மை நம்பி நாள் குறிக்கும்படி வாழ்தல் அரிது. அரிய அதனையே நம் பிள்ளைகளுக்குப் பழக்குவோமாக.