மணமகனிடமிருந்து தொடங்கட்டும்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நிக்காஹ் பேசும்போது குடும்பம், கல்வி, வருமானம், மார்க்கப் பற்று அனைத்தையும் விசாரிக்கிறோம். இரத்தப் பரிசோதனையைக் கேட்க மட்டும் தயங்குகிறோம். அத்தயக்கத்தைப் பற்றியே குடும்ப மருத்துவர்களாகிய நாங்கள் இன்று பேச விழைகிறோம்.

தலசீமியா, பெற்றோர் வழியாகப் பிள்ளைக்கு வரும் இரத்த நோய். அதற்குரிய பழுதுற்ற மரபணு ஒன்றை மட்டும் பெற்றவர் நோயாளி அல்லர். பெரும்பாலும் தம்மிடம் அது இருப்பதையே அறியார். அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு முறை கருவுறும்போதும் பிள்ளைக்கு நோய் வர 25 விழுக்காடு வாய்ப்புண்டு. கடும் நோயுற்ற குழந்தைக்கு இரண்டு முதல் ஐந்து வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்பை அகற்ற மருந்தும் வேண்டும். உறவுக்குள் மணம் முடிப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆயினும் ஒரே பாட்டனார் வழி வந்த இருவரிடமும் அதே மரபணு இருக்கும் வாய்ப்பு கூடுதல்.

இதனை அறிய முதற்படி, சாதாரண இரத்த அணுப் பரிசோதனையே. சிவப்பணுக்கள் சிறுத்திருந்தால், இரும்புச்சத்துக் குறைவு என்று மட்டும் எண்ணி மாத்திரை எழுதுதல் போதாது. ஹீமோகுளோபின் ஏ2 அளவையும் பார்த்தல் வேண்டும். முடிவை அச்சமூட்டாமல் விளக்கவும், அதன் இரகசியம் காக்கவும் மருத்துவர்களுக்குப் பயிற்சி தேவை.

சவூதி அரேபியாவில் 2004 முதல் திருமணத்திற்கு முன் இச்சோதனை கட்டாயம். எனினும் முடிவு எதுவாயினும் திருமணத்தைச் சட்டம் தடுப்பதில்லை, தீர்மானிப்போர் மணமக்களே. ஈரானில் 1997-இல் நாடு முழுவதும் தொடங்கிய திட்டத்தில் முதற்சோதனை மணமகனுக்கே. அவருடைய அணுக்கள் சிறுத்திருந்தால் மட்டுமே மணமகளுக்குச் சோதனை.

இம்முறையில் நமக்குப் பெரிய பாடம் உள்ளது. "குறையுள்ள பெண்" என்ற பேச்சு எழுந்துவிடுமோ என்றே பெண்ணைப் பெற்றோர் அஞ்சுகின்றனர். மணமகனிடம் அம்மரபணு இல்லையெனில், மணமகளிடம் இருந்தாலும் பிள்ளைக்குக் கடும் தலசீமியா வருவதில்லை. பிறகு பெண்ணின் இரத்தத்தைப் பற்றி ஊர் பேச என்ன இருக்கிறது?

ஆதலால் ஜமாஅத்தார்க்கு எங்கள் வேண்டுகோள் மூன்று: சோதனை மணமகனிடமிருந்து தொடங்கட்டும். அழைப்பிதழ் அச்சிட்ட பின்னர் அன்று, பேச்சு உறுதியாகும் முன்பே நடக்கட்டும். முடிவு இரு வீட்டாரோடும் மருத்துவரோடும் நிற்கட்டும். நிக்காஹ் பதிவேட்டில் ஏற வேண்டாம்.

வல்ல அல்லாஹ் நம் சந்ததியினருக்கு நல்ல உடல்நலத்தை வழங்குவானாக! ஆமீன்.