வசவா? வாழ்க்கையா?

நடுவர் அவர்களே! எதிரணி அம்மா, "ராப்பா? அது பாட்டில்லீங்க, ஏச்சு"ன்னாங்க. நானும் என் மகனை அப்படித்தான் திட்டினேன். "வார்த்தையைக் கேளுங்கப்பா"ன்னான். கேட்டேன்.

கலிபோர்னியாவில் காம்ப்டன். துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே அங்கே வளர்ந்தவர் கென்ட்ரிக் லமார். பார்த்ததைத்தான் பாடுகிறார். 2018-இல் அவருடைய 'டேம்' தொகுப்புக்குப் புலிட்சர் இசைப் பரிசு! அதுவரை செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் மட்டுமே போன பரிசுங்கய்யா!

2024-இல் வந்த 'நாட் லைக் அஸ்' ஏச்சுப்பாட்டுத்தான், ஒத்துக்கிறேன். அதுக்கும் 2025-இல் ஐந்து கிராமி! ஏன், நம்ம காளமேகம் வசை பாடலையா?

பெற்றோர்களே, பிள்ளை காதுல இருக்கிறதைப் பிடுங்காதீங்க. ஒரு பக்கத்தை வாங்கி உங்க காதுல வையுங்க. பாட்டும் புரியும், பிள்ளையும் புரிவான்.