யானைக் காசுக்கு எத்தனை மார்க்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் என்னை "தொழில் அனுபவம்" பற்றிப் பேசச் சொன்னார். நான் பேசப் போவது மூன்று செப்புக் காசுகளைப் பற்றி. அவர் மன்னிக்க வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு. அப்பா தக்காளியும் கரும்பும் போடுகிறவர். எங்கள் தோட்டத்தில் பைப் லைனின் இரும்பு கேட் வால்வு ஒன்று மண்ணுக்குள் புதைந்து, இடமே தெரியாமல் போய்விட்டது. "இஞ்சினீயருக்குப் படிச்சியே, கண்டுபிடி பார்க்கலாம்" என்றார் அப்பா. தெரிந்த ஒரு கான்ட்ராக்டரிடம் மெட்டல் டிடெக்டர் இரவல் வாங்கிப் போனேன். அதன் சுருளில் ஓடும் மாறு மின்சாரம் மண்ணிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். அதன் காந்தப் புலம் திரும்பி வந்து கருவியைக் கத்த வைக்கும். இரண்டாம் ஆண்டில் நாம் மனப்பாடம் செய்து எழுதிய அதே பாடம்தான்.

வால்வு கிடைப்பதற்கு முன்னால், வரப்போரம் ஒரு சாண் ஆழத்தில் மூன்று காசுகள் கிடைத்தன. பச்சைப் பாசி பிடித்தது போல இருந்தன. ஒன்றில் யானை தெரிந்தது.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு காசை எடுத்து, வீட்டில் குத்துவிளக்கு தேய்ப்பது போலப் புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று ஆனது. யானையின் முதுகும், பின்பக்கத்து எழுத்துகளும் காணாமல் போயின! மண்ணில் அரித்த செப்புக் காசில் பல நேரம் எழுத்து நிற்பதே அந்தப் பச்சைப் படலத்தில்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மிச்சமிருந்த இரண்டையும் படமெடுத்து, அமெரிக்காவில் இருக்கும் நம் வகுப்பு நண்பனுக்கு அனுப்பினேன். அவனும் இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறான். பேர் சொல்ல மாட்டேன். "மச்சான், லீவுக்கு வரும்போது என்கிட்ட குடு. இங்கே கிரேடிங் பண்ணி, பெட்டியில போட்டுக் குடுப்பாங்க. விலை ஏறும்" என்றான்.

கிரேடிங் என்றால் காசுக்கு மார்க் போடுவது. வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக 1949இல் வகுத்த அளவுகோல். 1 முதல் 70 வரை. 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. என்று இரண்டு நிறுவனங்கள் அங்கே தொடங்கப்பட்டன. காசு அசலா, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, எண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடிக் கொடுப்பார்கள். போலி மலிந்த சந்தையில், விலை உயர்ந்த காசு வாங்குகிறவர்களுக்கு அது நல்ல பாதுகாப்பு. குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் என் காசுக்கு அது பொருந்துமா? மண்ணில் அரித்த காசுக்கும், தேய்த்துக் கழுவிய காசுக்கும் பெரும்பாலும் எண் கிடைக்காது. "அசல், ஆனால் பழுதுள்ளது" என்று எழுதிவிடுவார்கள். தேய்ந்த யானைக் காசு சந்தையில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. மார்க் போடும் செலவு காசின் விலையைத் தாண்டும்.

அதைவிடப் பெரிய தடை சட்டம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசும் தொல்பொருள். அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை. நண்பன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறியிருந்தால் இன்றைக்கு இந்த வரிசையில் உட்கார்ந்திருப்பானோ என்னவோ!

இன்னொன்று 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். மண்ணில் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் கண்டெடுத்தவரின் பங்கு பறிபோகும். ஓராண்டு வரை சிறையும் உண்டு.

அப்பாவிடம் சொன்னேன். "கலெக்டர் ஆபீசா? நாளைக்கே வந்து தோட்டத்தைத் தோண்டுவானுங்க. பேசாம போட்ட இடத்துலயே போட்டுடு" என்றார். ஊரில் எல்லோருக்கும் உள்ள பயம்தான். சட்டத்தை உட்கார்ந்து படித்துக் காட்டினேன். உரிமை கோரி வேறு யாரும் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோகத்தின் விலையும், அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தர வேண்டும். "செம்பு விலைக்கு மேல அஞ்சுல ஒண்ணா? ஒரு டீ குடிக்கலாம்!" என்று சிரித்தார். ஆனாலும் உடனே சம்மதிக்கவில்லை.

அவர் மனதை மாற்றியது அந்தக் காசேதான். பழங்காசு படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் படத்தைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, இது திப்பு சுல்தான் காசு. பட்டணத்தில், அதாவது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடித்தது. ஆண்டு மௌலூதி 1224. எண்களை வலமிருந்து இடமாகப் படிக்கணும். நம்ம கணக்குக்கு 1796-97."

நான் திடுக்கிட்டேன். பாலக்கோடு அடங்கிய பாராமகால் சீமையைத் திப்பு 1792 உடன்படிக்கையிலேயே கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே வரி வசூலித்துக் கொண்டிருந்த காலம் அது. அப்படியானால், ஊர் கைமாறி நாலு வருஷத்துக்குப் பிறகு அடித்த பழைய ராஜாவின் காசு, எங்கள் வரப்புக்கு வந்திருக்கிறது! எப்போது விழுந்தது என்று காசு சொல்லாது. ஆனால் 1796க்கு முன் விழவில்லை என்பது உறுதி. எல்லைக்கோடு மாறினாலும் சந்தைக்குப் போகிறவன் கையில் காசு மாறவில்லை போலும்.

இதைச் சொன்னது காசின் ஆண்டு மட்டுமல்ல. ஆண்டும், கிடைத்த இடமும் சேர்ந்து சொன்னது. பெட்டிக்குள் போய் வேறு ஊரில் கைமாறியிருந்தால், அது ஆயிரம் யானைக் காசில் இன்னொரு யானைக் காசு. நான் புளி போட்டுத் தேய்த்த காசு இப்போதே அப்படித்தான். அதன் ஆண்டை இனி யாராலும் படிக்க முடியாது.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எந்த வரப்புன்னு சரியா எழுது. கிழக்கால வரப்பு" என்றார். அவ்வளவுதான் சம்மதம். எடை, அளவு, ஆழம், வரப்பின் வரைபடம் எல்லாம் எழுதி, புளி போட்டதையும் ஒளிக்காமல் எழுதி, தர்மபுரிக்குப் போய் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கினேன். முடிவு இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும்.

தம்பி தங்கைகளே, நாமும் மார்க் ஷீட்டோடு வெளியே போகிறவர்கள்தான். மார்க் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் கையில் பழைய காசு கிடைத்தால் தேய்க்காதீர்கள். கிடைத்த இடத்தையும் தேதியையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். கலெக்டருக்குச் சொல்லுங்கள். எத்தனை மார்க் என்பதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.

கேட்பீர்கள் என்று தெரியும்: வால்வு கிடைத்தது. காசு கிடைத்த இடத்திலிருந்து நாலடி தள்ளி.