கஹ்ரபா: தேய்த்தால் பிறக்கும் மின்சாரம்

(மாதாந்திர நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். மின்சாரத்துக்கு அரபியில் என்ன பெயர்? கஹ்ரபா. பாரசீகத்திலிருந்து வந்த சொல் அது. 'காஹ்' என்றால் வைக்கோல், 'ருபா' என்றால் கவர்ந்து இழுப்பது. தஸ்பீஹ் மணி செய்கிறார்களே, அம்பர், அதற்குத்தான் முதலில் இந்தப் பெயர். (கடத்தல் செய்திகளில் வருகிற திமிங்கல அம்பர் வேறு, இது மரப்பிசின் இறுகிக் கல்லானது.) கம்பளியில் தேய்த்தால் துரும்பை இழுக்கும். கிரேக்கர்கள் இதே பொருளை 'எலெக்ட்ரான்' என்றார்கள். ஆங்கிலப் பெயரும் அதிலிருந்து பிறந்ததுதான்.

இரண்டு பொருள்கள் ஒட்டிப் பிரியும்போது ஒன்றிலுள்ள எலெக்ட்ரான்களில் சில மற்றொன்றுக்குப் போய்விடுகின்றன. பூமியைத் தொட்டிருக்கும் உலோகமானால் அது உடனே வடிந்துவிடும். பிளாஸ்டிக்கிலும் நைலானிலும் வழியில்லாமல் அப்படியே தங்கிவிடும். அதுதான் நிலைமின்சாரம். ரியாதில் குளிர்காலத்தில் கார்க் கதவைத் தொட்டதும் விரலில் சுளீரென்று அடித்திருக்குமே! அப்படி அடித்தால் இரண்டு மூவாயிரம் வோல்ட்டாவது இருக்கும். ஆனாலும் ஆளைக் கொல்லாது. மின்னூட்டத்தின் அளவு மிகக் குறைவு, ஒரு நொடிக்குள் தீர்ந்துவிடும். வீட்டிலுள்ள 230 வோல்ட் விடாமல் பாய்வதால்தான் உயிரை எடுக்கிறது.

தூத்துக்குடியில் இந்த அடி நமக்கு அரிது. கடற்காற்றின் ஈரம் பொருள்களின் மேல் மெல்லப் படிந்து மின்னூட்டத்தை வடித்துவிடுகிறது. அதனாலேயே நாம் இதைப் பொருட்படுத்துவதில்லை. நான் இன்று பேச வந்ததும் அதற்காகத்தான்.

வள்ளத்து இன்ஜினுக்கோ ஜெனரேட்டருக்கோ கேனில் பெட்ரோல் வாங்குகிறோம். குழாய்க்குள் ஓடும்போது பெட்ரோலே உராய்ந்து மின்னூட்டம் பெறுகிறது. அங்கே கடற்காற்றின் ஈரம் எட்டாது. கேன் பிளாஸ்டிக் என்றால், அதுவும் பைக் சீட்டிலோ லோடு வண்டியில் விரித்த தார்ப்பாயிலோ இருந்தால், வடிய வழியே இல்லை. பிளாஸ்டிக் கேன் வாயில் தகரப் புனலைச் செருகுவது இன்னும் மோசம். மின்னூட்டமெல்லாம் புனலில் சேர்ந்து நாசிலுக்குத் தாவும். பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள, நம் விரலால் உணரக்கூட முடியாத சின்னப் பொறி போதும்.

டேங்கர் லாரியிலிருந்து எண்ணெய் இறக்கும் முன் ஒரு கம்பியை மாட்டுகிறார்களே, அது பூமிக்கு வடிய வழி செய்வதற்கு. நமக்குப் பக்கத்துச் சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் மருந்து அறைக்குள் நுழையும் முன் உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போவதும், நைலான் உடுத்தாமல் பருத்தி உடுத்துவதும் அதற்காகவே. பழக்கம் என்று நினைத்து இதைக் கைவிட்டுவிடக் கூடாது.

நம் வள்ளக்காரர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தண்ணீர்க் கேனோ சமையல் எண்ணெய்க் கேனோ வேண்டாம். பெட்ரோலுக்கென்று செய்த கலனை வாங்குங்கள். வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். முதல் சொட்டிலிருந்து கடைசிச் சொட்டு வரை நாசில் கலனின் வாயைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். கழுத்துவரை நிரப்பாதீர்கள், வெயிலில் பெட்ரோல் விரியும்.