விளையும் பயிரும் வளர்க்கும் கையும்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் முளையைக் கண்ட உழவர் எவரும் நீர் பாய்ச்சாமல் இருந்துவிடுவதில்லை. குழந்தைகளின் அருந்திறமை பிறவியில் வருவதா, பயிற்சியில் வருவதா என்னும் பழைய வினாவுக்குச் சென்னைக் குடும்பம் ஒன்று தெளிவான விடை தருகிறது.

வங்கி ஊழியர் ஒருவரின் மகளான வைசாலி 2001-ஆம் ஆண்டு பிறந்தவர். சிறுமி தொலைக்காட்சியின் முன்னேயே பொழுதைக் கழிக்கிறாளே என்று கவலையுற்ற பெற்றோர், அவரைச் சதுரங்க வகுப்பிற் சேர்த்தனர். நான்கு வயது இளைய தம்பி பிரக்ஞானந்தா, அக்காளைப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றார். மேதைகளை உருவாக்கும் திட்டம் எதுவும் அவ்வீட்டில் இருக்கவில்லை.

பின்னர் இருவருக்கும் கிராண்ட்மாஸ்டர் ஆர். பி. ரமேஷ் ஆசானாக வாய்த்தார். சதுரங்கப் பயிற்சி என்பது ஓயாமல் ஆடுவது மட்டுமன்று. தோற்ற ஆட்டத்தை முதலிலிருந்து மீண்டும் வைத்துப் பார்த்துப் பிழைத்த இடத்தைக் காண வேண்டும். காயைத் தொடாமலே அடுத்தடுத்த நகர்வுகளை மனத்தில் கணக்கிட வேண்டும். இது சலிப்பூட்டும் வேலை. அச்சலிப்பைத் தாங்கப் பிள்ளைக்குத் துணை வேண்டும். அன்னையார் நாகலட்சுமி வெளிநாட்டுப் போட்டிகளுக்கும் உடன் சென்று, தங்குமிடத்திலேயே சோறும் ரசமும் சமைத்துக் கொடுத்து அத்துணையாக நின்றார்.

பிரக்ஞானந்தா 2018-இல், 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். வைசாலி அந்நிலையை எட்டியது 2023 டிசம்பரில், 22 வயதில். ஒரே வீடு, ஒரே உணவு, ஒரே ஆசான். ஆயினும் வயதில் பத்தாண்டு வேறுபாடு! பயிற்சியே எல்லாம் என்போர் இதனை எண்ண வேண்டும். பிறவியே எல்லாம் என்போர், தம்பி முந்திச் சென்ற பின்னும் அக்காள் விடாது உழைத்த ஐந்தாண்டுகளை எண்ண வேண்டும். உலகில் கிராண்ட்மாஸ்டர்களான முதல் அக்காள் தம்பியர் இவர்களே. மகளிர் கிராண்ட் சுவிஸ் போட்டியை 2023-இலும் 2025-இலும் வென்றவரும் வைசாலிதான். தம்பியின் அளவுகோலால் அவரை அளந்து பாதியில் நிறுத்தியிருந்தால் இவை கிட்டியிருக்குமா?

சென்னைச் சிறுவர் குகேஷ், 2019 ஜனவரியில் நம் தில்லிப் போட்டியில்தான் கிராண்ட்மாஸ்டர் தகுதியை நிறைவு செய்தார். 2024-இல் உலகப் பட்டம் பெற்றார். மருத்துவரான தந்தையார் தம் தொழிலை ஒதுக்கிவைத்து மகனுடன் ஊர் ஊராகச் சென்றவர்.

துவாரகாவில் மாலை வேளைகளில் நம் பிள்ளைகள் பாட்டு, நீச்சல், கணக்கு என்று வகுப்புக்கு வகுப்பு ஓடுவதைக் காண்கிறேன். ஊரையும் உறவையும் விட்டு வந்த நாம், அந்த இழப்பைப் பிள்ளைகளின் வெற்றியால் ஈடுசெய்ய விழைவது இயல்பே. ஆயினும் ஆண்டுக்கொரு வகுப்பை மாற்றுவதும், அடுத்த வீட்டுப் பிள்ளையைச் சுட்டிக்காட்டுவதும் வளர்ப்பு ஆகா. பிள்ளை தானே நாடி அமரும் ஒன்றைக் கண்டறிவோம், நல்லாசிரியரிடம் ஒப்படைப்போம், தோற்று வந்த நாளிலும் அன்போடு சோறிடுவோம். பட்டம் வரலாம், வராமலும் போகலாம். ஒன்றில் நிலைத்து உழைக்கும் பழக்கம் எவ்வாறாயினும் பிள்ளையிடம் தங்கிவிடும்.