ஃபூரியோசா: கையில் இருந்த வழி

இந்த வாரம் 'ஃபூரியோசா'. கதையைச் சொல்லித்தான் பேசப்போறேன், படம் பார்க்காதவங்க இங்கேயே நிறுத்திக்கலாம்.

2015-ல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' படத்தோட முன்கதை இது. இயக்கம் அதே ஜார்ஜ் மில்லர். அந்தப் படம் சில நாள்ல முடியுற ஒரே துரத்தல். இது வருஷக்கணக்கில் நீளுது.

முன்கதைன்னாலே ஒரு சிக்கல். இவ சாகமாட்டா, ஒரு கை மட்டும் போகும்னு டிக்கெட் வாங்கும்போதே நமக்குத் தெரியும். அப்புறம் என்ன பதைப்பு? மில்லர் அந்தக் கையிலேயே விஷயத்தை வெச்சிருக்கார். சின்ன வயசுல கடத்தப்பட்டவ, ஊருக்குத் திரும்புற வழியை நட்சத்திர வரைபடமா இடது கையில பச்சை குத்தி வெச்சிருக்கா. தப்பிக்கிறதுக்காக அந்தக் கையையே அறுத்துப் போட்டுட்டு வர்றா. உயிர் மிச்சம், வழி போச்சு.

வீட்டுக்கு வந்து பழைய படத்தைத் திரும்பப் போட்டேன். பசுமை நிலமே இல்லைன்னு தெரிஞ்சு அவ மணல்ல மண்டியிட்டுக் கத்துற இடம் இருக்கே, முன்னாடி அது நல்ல காட்சி. இப்போ பார்க்கவே முடியல.

ஆனியா டெய்லர்-ஜாய்க்கு வசனம் கம்மி, கண்ணுதான் பேசுது. கிறிஸ் ஹெம்ஸ்வொர்த் அவங்களுக்கும் சேர்த்துப் பேசுறார், எனக்குக் கொஞ்சம் அலுப்பு. கடைசியில் பெயர்கள் ஓடும்போது பழைய படத்துத் துண்டுகளை வேற காட்டுறாங்க. அது எதுக்கு? நமக்கு ஞாபகம் இருக்காதா?

ரெண்டையும் பார்க்காதவங்க 2015 படத்துல இருந்தே ஆரம்பிங்க.